மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு: ஜாவாவின் ஒரு நெல்லூரில்

ஞாயிறு – கிளிவோன்

ஜாவாவில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. நாம் அறிந்த ஏழு நாள் வாரத்துடன் லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன் என்னும் ஐந்து நாள் சந்தை வாரமும் சேர்ந்தே ஓடுகிறது. இரண்டும் பிணைந்து 35 நாளுக்கு ஒருமுறை அதே இணை திரும்ப வருகிறது. சந்தை கூடுவது, தெருக் கூட்டம் நடப்பது, அறுப்புக்கு நாள் பார்ப்பது ஆகியவற்றில் இன்றும் இந்தக் கணக்கு புழங்குவதால், இக்குறிப்புகளுக்கும் அந்த முறையிலேயே தலைப்பிடுகிறேன்.

யோக்யகர்த்தாவின் புதிய விமான நிலையம் நகரத்தை விட்டு வெகு தொலைவில், குலோன் புரோகோ மாவட்டத்தின் கடற்கரையோரம் தெமோன் பகுதியில் இருக்கிறது. 2020 முதல் முழுமையாக இயங்கும் அந்த ஓடுதளத்தின் அடியில் இருப்பது உழவர்களின் வயலும் தோட்டமுமாக இருந்த மண். அதைக் கையகப்படுத்தியபோது பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மறுத்து நின்றன. நிலவுடைமையைப் பற்றி எழுத வந்திருக்கும் நான், வந்திறங்கிய இடத்தைப் பற்றி இதையாவது சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

அங்கிருந்து மெனோரே குன்றுகளை இடப்புறம் விட்டு வடக்கே வந்து, நங்குலானைக் கடந்து, கெபோன் அகுங் பாலத்தின் வழியே புரோகோ ஆற்றைத் தாண்டினால் ஸ்லேமான் மாவட்டத்தின் மேற்கு ஓரமான மிங்கிர் வட்டாரம் தொடங்குகிறது. வடகிழக்கே மெராபி எரிமலை நிற்கிறது. அது காலங்காலமாகக் கக்கிய சாம்பலும் மணலும் படிந்த மண்தான் இந்தச் சமவெளி முழுவதும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். அதன் நடுவே ஆங்காங்கே அடர்ந்த மரத்தோப்புகள். வெளியிலிருந்து பார்த்தால் தென்னை, மூங்கில், பலா, மெலிஞ்சோ மரங்கள் மட்டுமே தெரியும். வீடுகளெல்லாம் அவற்றின் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொரு தோப்பும் ஒரு குடியிருப்பு. அத்தகைய பல குடியிருப்புகள் சேர்ந்தது ஒரு கலுராஹான், அதாவது ஊராட்சி.

நான் தங்கும் குடியிருப்பின் பெயரையோ வீட்டாரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எவருக்கு எவ்வளவு நிலம், எவருடைய நிலம் ஒற்றியில் இருக்கிறது என்பவை ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்தவைதான் என்றாலும், வெளியில் பரப்புவதற்குரிய செய்திகள் அல்ல. வீட்டுப் பெரியவரை ‘பாக்’ என்றும் அவர் மனைவியை ‘இபு’ என்றும் அழைக்கிறேன். அவர்கள் என்னை ‘மாஸ்’ என்கிறார்கள். வந்த விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். மாலையிலேயே பாக் என்னை அழைத்துச் சென்று அதை முடித்துவைத்தார்.

திங்கள் – லெகி

இங்கே நிலம் மூன்று வகை. நீர் பாயும் நெல்வயல் சாவா. மழையை நம்பிய மேட்டு நிலம் தெகாலான். வீட்டைச் சுற்றியுள்ள மனையும் தோட்டமும் சேர்ந்தது பெகாராங்கான். பழைய அளவை ‘பாவு’ எனப்படும். ஒரு பாவு ஏறத்தாழ 0.7 ஹெக்டேர், நம் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர். பாக்கின் தந்தைக்கு ஒரு பாவு வயல் இருந்தது. நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்ததில் பாக்கிற்குக் கிடைத்தது கால் பாவு, அதாவது நாற்பது சென்ட்டுக்குச் சற்று மேல். நல்ல போகத்தில் அதிலிருந்து ஒரு டன் அளவு ஈர நெல் வரும். அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவரை இந்தோனேசிய அரசு ‘குரேம்’ விவசாயி என்று வகைப்படுத்துகிறது. ஜாவாவின் உழவர் குடும்பங்களில் பெரும்பான்மை இந்த வகைதான். பாக் மற்றொருவரின் வயலையும் விளைச்சலில் பாதி கொடுக்கும் வாரத்துக்கு உழுகிறார்.

காலையில் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்றோம். அலுவலர் ஒருவர் தடித்த அட்டையிட்ட ‘லெத்தெர் சே’ என்னும் நிலவரிப் பதிவேட்டை எடுத்துவந்து, பாக்கின் தந்தை பெயரிலிருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார். தாள் பழுப்பேறி, ஓரங்களில் துணிபோல் மென்மையாகியிருந்தது. நில எண், வகுப்பு, பரப்பு, வரி என்று வரிசையாகக் கட்டங்கள். வயலுக்கு ‘எஸ்’, மேட்டுக்கு ‘டி’, அருகில் தரத்தைக் குறிக்கும் ரோமன் எண். கடைசிக் கட்டம்தான் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. மாற்றத்தின் காரணமும் நாளும் எழுத வேண்டிய இடம் அது. பாகப்பிரிவினை, விற்பனை, கொடை என ஒவ்வொன்றும் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மையில் பதியப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் எழுபது எண்பது ஆண்டு வாழ்க்கை அந்த ஒரு விரற்கடை அகலக் கட்டத்துக்குள் அடங்கியிருந்தது.

ஆனால் இந்தப் பதிவேடு சட்டப்படி உரிமைப் பத்திரம் அன்று. வரி எவர் பெயரில் என்பதையே அது சொல்கிறது. உரிமையை நிறுவுவது நில அலுவலகம் தரும் சான்றிதழ். 2017இல் தொடங்கிய முழுமையான நிலப் பதிவுத் திட்டத்தின்கீழ் ஊர் ஊராக அளந்து சான்றிதழ் கொடுத்து வருகிறார்கள். பாக்கின் வயலுக்கும் மனைக்கும் அப்படித்தான் கிடைத்தது.

யோக்யகர்த்தாவில் இந்த உரிமைக்குத் தனி வரலாறு உண்டு. பழைய முறையில் மண் முழுவதும் சுல்தானுடையது. அரண்மனை உறவினரும் அதிகாரிகளும் ஊர்களை மானியமாகப் பெற்று, இடைத்தரகர் மூலம் விளைச்சலைத் திரட்டினர். உழுதவன் பயிர் வைத்திருந்தானே தவிர மண்ணை வைத்திருக்கவில்லை. ஊருக்குள்ளும் படிநிலை இருந்தது. வயலும் மனையும் உள்ளவன் ‘கூலி கெஞ்செங்’; அரசுக்கு உழைப்புக் கடன் முழுவதும் அவன் தலையில். மனை மட்டும் உள்ளவன் அடுத்தவன். இரண்டும் இல்லாமல் பிறர் மனையின் மூலையில் குடிசை போட்டவன் கடைசி. மானிய முறை ஒழிக்கப்பட்ட சீர்திருத்தத்தின்போது, பிறருக்குச் சொத்துரிமைச் சான்று இல்லாத நிலமெல்லாம் அரண்மனைக்கே உரியது என்று 1918இல் சுல்தானகம் அறிவித்தது. பயன்படுத்தும் உரிமை ஊர்களுக்கும் அவற்றின் வழியே உழவர்களுக்கும் வந்தது. 1954இல் பிராந்தியச் சட்டம் ஒன்று தனியாருக்குப் பரம்பரைச் சொத்துரிமை அளித்தது. 1960 செப்டம்பர் 24இல் நாடு முழுவதற்குமான அடிப்படை நிலச் சட்டம் வந்தபோதிலும், யோக்யகர்த்தாவில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1984இல்தான். பின்னர் 2012ஆம் ஆண்டின் தனிநிலைச் சட்டம், சுல்தானகத்தை நிலம் வைத்திருக்கக்கூடிய சட்டப்பூர்வ அமைப்பாக ஏற்றுக்கொண்டது. ஆகவே இன்றும் சுல்தானின் நிலத்தில் அனுமதிக் கடிதத்துடன் தலைமுறைகளாகக் குடியிருப்போர் இருக்கிறார்கள்.

ஊராட்சிக்கும் நிலம் உண்டு. ஊர்த் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் பதவியில் இருக்கும்வரை விட்டுக்கொடுக்கப்படும் வயல் ‘பெலுங்குஹ்’. நம் பக்கத்து ஊழிய மானியம் போன்றது. ஓய்வு பெற்றவருக்கு ஒரு பங்கு, ஊர்க் கருவூலத்துக்கு ஒரு பங்கு என்று வேறு நிலங்களும் இருக்கின்றன. குடியிருப்புத் தலைவரான ‘டுக்குஹ்’ தம் மானிய வயலை ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு வாரத்துக்கு விட்டிருக்கிறார். இந்தக் கருவூல நிலங்களை அனுமதியின்றி வீடு கட்ட விட்டது தொடர்பாக 2023இல் ஸ்லேமானில் வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. நகரத்தின் பக்கம் நெருங்க நெருங்க, எல்லோருக்கும் பொதுவான நிலம்தான் முதலில் ஆசைக்கு ஆளாகிறது.

செவ்வாய் – பாஹிங்

இன்று முழுவதும் மனைக்குள்ளேயே கழிந்தது. வீடு ‘லிமாசான்’ வகை: நான்கு பக்கமும் சரியும் ஓட்டுக் கூரை, மரத்தூண்கள், மரச் சட்டகம். தூணும் உத்தரமும் ஆணியில்லாமல் காடியும் முளையுமாகப் பொருத்தப்பட்டவை. எனவே இத்தகைய வீட்டைப் பிரித்து, ஏற்றி, வேறிடத்தில் மீண்டும் நிறுத்த முடியும். பாக்கின் பாட்டனார் இந்த வீட்டை ஆற்றுக்கு அப்பாலிருந்து வாங்கிக்கொண்டு வந்தாராம். வாங்கியது வீட்டை மட்டும். அது நின்ற மண்ணை அல்ல.

இதைக் கேட்ட பிறகுதான் இவ்வூரின் உடைமை முறை எனக்குப் பிடிபடத் தொடங்கியது. ஜாவாவின் வழக்காற்றுச் சட்டத்தில் மண்ணும் மண்மேல் இருப்பதும் வெவ்வேறு உடைமைகள். வீடு ஒருவருடையதாகவும் அது நிற்கும் மனை வேறொருவருடையதாகவும் இருக்கலாம். மரத்தை நட்டவர் ஒருவராகவும் மண்ணுக்குரியவர் மற்றொருவராகவும் இருக்கலாம். நிலத்தை வாங்கியவருக்கு அதன்மேலுள்ள எல்லாமே சேரும் என்று தானாகவே கொள்ளப்படுவதில்லை. பின்னால் வந்த நிலச் சட்டமும் வழக்காற்றையே அடிப்படையாகக் கொண்டதால், சட்ட அறிஞர்கள் இன்றும் இந்தப் பிரிவினையைப் பேசுகிறார்கள்.

பெகாராங்கானைச் சுற்றிவந்தபோது இபு ஒவ்வொரு மரத்துக்கும் உரிமையாளரைச் சொன்னார். வேலியோரத் தேக்குகள் மூத்த மகன் திருமணத்துக்கு முன் நட்டவை, ஆகவே அவனுடையவை. மெலிஞ்சோ மரங்கள் இபுவின் கைச்செலவுக்கு. அவற்றின் இலையும் காயும் குழம்புக்கு, கொட்டை அப்பளத்துக்கு. தென்னையில் இரண்டின் காய்களை ஆண்டுக் கணக்கில் அண்டைவீட்டாருக்கு விற்றுவிட்டார்கள். மூங்கில் புதரிலிருந்து எவர் வீட்டுச் சாவுக்கும் கேட்காமல் வெட்டிக்கொள்ளலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று பணம் தேவைப்படும்போதுதான் இங்கே தேக்கு வெட்டுவார்கள். விலை நன்றாக இருக்கிறதே என்று வெட்டுவதில்லை. மரவியாபாரிகளுக்கு இது பிடிக்காத பழக்கம். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாத தலைமுறைகளைக் காப்பாற்றியது இந்த வழக்கம்தான்.

தொழுவத்தில் நிற்கும் பசு இவர்களுடையது அன்று. ஊராட்சி அலுவலகத்துக்கு அருகில் கடை வைத்திருப்பவருடையது. ‘ங்காடுஹ்’ முறையில் பாக் வளர்க்கிறார். புல் அறுத்துப் போடும் உழைப்பு இவருடையது. ஈனும் கன்றுகளைப் பேசிக்கொண்டபடி பங்கிட்டுக்கொள்வார்கள். சாணம் முழுவதும் இவர் வயலுக்கே. நிலமில்லாத ஒருவர் மாட்டுக்குச் சொந்தக்காரராக ஆவதற்கு இங்கே உள்ள நேர்வழி இதுதான்.

வீட்டின் பின்கட்டில் மூன்று சிறிய அறைகள். நடுவறையில் யாரும் படுப்பதில்லை. முன்பு அது நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்கு உரியது. இப்போது அங்கே நெல் மூட்டைகளும், தொழுகை விரிப்புகள் அடுக்கிய பெட்டியும் இருக்கின்றன. இவ்விரண்டும் ஒரே அறையில் இருப்பதில் வீட்டார் எவருக்கும் சங்கடமில்லை.

புதன் – போன்

வயலுக்குத் தண்ணீர் வருவது 1909இல் டச்சு ஆட்சியில் வெட்டப்பட்ட வான் டேர் வைக் கால்வாயிலிருந்து. அது கராங் தாலுன் அணைக்கட்டில் புரோகோ நீரைப் பெறுகிறது. அதே தலைமதகிலிருந்து கிழக்கே ஓபாக் ஆறு வரை செல்லும் மாத்தராம் கால்வாய், ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ வெட்டச் செய்தது. ஊர் ஆண்களைக் கட்டாய உழைப்புக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் உள்ளூரிலேயே நிறுத்திக்கொள்ள அந்த வேலையை அவர் காரணமாகக் காட்டினார் என்பது இங்குள்ள முதியோர் நன்றியுடன் சொல்லும் செய்தி. இப்போது கோடை என்பதால் முறை வைத்து மடை திறக்கிறார்கள். நம் ஊரில் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி செய்யும் வேலையை இங்கே ‘உலு-உலு’ செய்கிறார்.

மாலையில் ‘விவித்தான்’ நடந்தது. நாளை அறுக்கவிருக்கும் வயலின் மூலையில் சோறு, முழுக்கோழி, அவித்த முட்டை, தேங்காய்த் துருவல் கலந்த கீரை, வாழைப்பழம் ஆகியவற்றை வைத்து முதியவர் ஒருவர் அரபு மொழியில் துஆ ஓதினார். பிறகு சில கதிர்களை மட்டும் அறுத்துத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். படையலை வரப்பில் காத்திருந்த சிறுவர்கள் நொடியில் தீர்த்தார்கள்.

வியாழன் – வாகே

இந்த ஆடி மாதத்தில் இங்கே விடியற்காலைக் குளிர் கடுமை. ஆறு மணிக்கெல்லாம் அண்டைவீட்டுப் பெண்கள் பதினைந்து பேர் அரிவாளுடன் வந்துவிட்டார்கள். யாரையும் கூலிக்குப் பேசி அழைக்கவில்லை. அறுப்புக்கு வருவது ‘டெரெப்’, அதற்குரிய பங்கு ‘பாவோன்’. இந்த வயலில் எட்டுக்கு ஒன்று. பக்கத்து ஊர்களில் ஆறுக்கு ஒன்றும் உண்டு, பன்னிரண்டுக்கு ஒன்றும் உண்டு. நெருங்கிய உறவினருக்கு அளவு சற்றுக் கூடும் என்பதையும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதையும் கவனித்தேன்.

பாக்கின் தாயார், வயது தொண்ணூறை நெருங்கியவர், தம் பழைய ‘அனி-அனி’யை எடுத்துவந்து காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் மரத்துண்டு. அதன் விளிம்பில் பதித்த சிறு தகடு. குறுக்கே ஒரு மூங்கில் பிடி. விரல்களுக்கிடையே பிடித்து ஒவ்வொரு தாளாகக் கதிரை மட்டும் நறுக்குவார்கள். கைபட்டுக் கைபட்டு மரம் கருங்கண்ணாடியாக மின்னியது. தேவி ஸ்ரீ அஞ்சாதபடி கத்தியை உள்ளங்கையில் மறைத்துப் பிடிப்போம் என்றார். 1970களில் குட்டை ரக நெல் வந்ததும் அரிவாள் வந்தது. அதே காலத்தில் அரவை ஆலை வந்து, உரலில் நெல் குத்திப் பிழைத்த பெண்களின் வருமானத்தை ஒரேயடியாக இல்லாமலாக்கியது. இதைச் சொல்லும்போது அந்த அம்மையார் எவர்மீதும் குறை வைக்கவில்லை. கேட்ட எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அரிவாளுடன் வந்த மற்றொன்று ‘தெபாசான்’. விளைந்து நிற்கும் வயலை அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே வியாபாரி மொத்தமாக விலைபேசி வாங்கி, தம் ஆட்களைக் கொண்டு அறுத்துச் செல்வார். வயற்காரருக்கு அதில் ஒரு வசதி உண்டு: ஊரார் அத்தனை பேரையும் வயலில் இறக்கிப் பங்கு கொடுக்க வேண்டிய கடமை வியாபாரிக்கு இல்லை, வயற்காரரும் முகம் பார்த்து மறுக்க வேண்டியதில்லை. இந்தச் சமவெளியில் இன்று பல வயல்கள் அப்படித்தான் அறுபடுகின்றன. பாக் மட்டும் ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். “வியாபாரி வந்தால் இவர்களுக்கு இந்த வயலில் என்ன இருக்கிறது, மாஸ்?” என்றார்.

அந்தக் கேள்விதான் நான் இங்கு வந்து கேட்டவற்றுள் முதன்மையானது. சான்றிதழில் பாக்கின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆனால் பதினைந்து பெண்களுக்கு இந்த வயலில் எட்டில் ஒரு பங்கு இருக்கிறது. அவர்கள் போன பிறகு, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த இரண்டு கிழவிகள் தாளடியில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கினார்கள். அதற்கும் ‘ங்காசாக்’ என்று பெயரும் முறையும் உண்டு, வயற்காரர் தடுக்கக் கூடாது. நிலமில்லாதவர்களின் சொத்து இதுதான் என்று நான் கருதுகிறேன். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சொத்து என்பதால், அது போகும்போது இழப்பீடு கேட்கவும் வழியில்லை. இதே மாவட்டத்துச் சேயேகன் வழியாக வரும் யோக்யகர்த்தா–பாவென் சுங்கச்சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள் பெரும்பணம் பெற்றதை ஊரே பேசுகிறது. அந்த வயல்களில் அறுத்தவர்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்கவில்லை.

இரவு காவல் முறைக்காரர்களுடன் தெருவைச் சுற்றினேன். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தொங்கும் சிறு டப்பாவில் முன்பு ஒரு பிடி அரிசி போடுவார்களாம். இப்போது ஐந்நூறு ரூபியா நாணயம். ‘ஜிம்பித்தான்’ எனப்படும் அந்தத் தொகையில்தான் தெருவிளக்கும், சாவு வீட்டுப் பந்தல் நாற்காலிகளும், ஏழைக்குக் கைமாற்றும்.

வெள்ளி – கிளிவோன்

ஜகார்த்தாவை அடுத்த பெக்காசியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் இரண்டாவது மகள் நேற்றிரவு வந்துவிட்டார். மூத்த மகனும் இளைய மகளும் உள்ளூரில்தான். ஜும்ஆ தொழுகைக்குப் பின் குடும்பம் முன்கூடத்தில் பாயில் அமர்ந்தது. பெற்றோர் இருக்கும்போதே பாகத்தைப் பேசிவைப்பது இங்கு வழக்கம்.

ஜாவாவின் பழைய விதிப்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. காவடியில் இருபுறமும் சுமப்பவனுக்கும் முதுகில் ஒரு சுமை சுமப்பவளுக்குமான கணக்கு என்பார்கள். இஸ்லாமிய விதியும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் நடைமுறையில் சம பாகம் கொடுப்பதே பரவலாக இருக்கிறது. இந்த வீட்டிலும் மூத்தவரே முதலில் சமபாகம் என்று சொல்லிவிட்டார். திருமணத்துக்கு முன்பே கணவனோ மனைவியோ கொண்டுவந்த சொத்து தனி, இருவரும் சேர்ந்து தேடியது ‘கோனோ-கினி’ என்ற பொதுச்சொத்து. இபு தம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறிய மேட்டு நிலம் பேச்சிலேயே வரவில்லை. அது அவருடையது, அவர் விருப்பப்படி.

கால் பாவு வயலை மூன்றாக வெட்டினால் எவருக்கும் பயனில்லை. ஒரு பாகத்தை நகரத்தாருக்கு விற்பதென்றால், விளைநிலச் சொந்தக்காரர் அந்த வட்டாரத்துக்கு வெளியே குடியிருக்கக் கூடாது என்ற 1961ஆம் ஆண்டு விதி குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிக் கடப்போரும் உண்டு. பெக்காசி மகள் விற்பனையைப் பற்றி ஒருமுறை வாயெடுத்தார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அவரை நெருக்குகின்றன. அவர் கேட்டதில் தவறில்லை. இறுதியில் வயலைப் பிரிக்காமல் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்து வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பெக்காசி மகளின் முறை வரும் ஆண்டில் அண்ணன் உழுது விளைச்சலில் பாதியை வாரமாகக் கொடுப்பார். 1960ஆம் ஆண்டு வாரச் சட்டத்தின்படி அத்தகைய ஒப்பந்தத்தை ஊர்த் தலைவர் முன்னிலையில் எழுத வேண்டும், நெல்வயலுக்குக் குறைந்தது மூன்றாண்டுக் காலம் வைக்க வேண்டும். ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அறுப்பைத் தெபாசானுக்கு விடக் கூடாது என்று பாக் கேட்டார். மூத்தவர் தலையசைத்தார்; பெக்காசி மகள் பதில் சொல்லவில்லை.

வீடும் மனையும் பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இளையவளுக்கு. தேக்குகள் மூத்தவருக்கு. டுக்குஹையும் அண்டைவீட்டார் இருவரையும் சாட்சியாக அழைத்து, பத்தாயிரம் ரூபியா முத்திரை ஒட்டிய தாளில் எல்லாவற்றையும் எழுதினார்கள். மனை இன்னாருடையது, மரங்கள் இன்னாருடையவை, மரத்துக்காக உள்ளே வந்துபோக வழிவிட வேண்டும் என்று எழுதி முடித்த பிறகு, அண்டைவீட்டுக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வெட்டும்போது மரம் சாய்ந்து கூரை ஓடு உடைந்தால், அந்தச் செலவு மூத்தவருடையது.